பண்டிகை டின்னருக்கு எந்த ஒயின்? ஓட்டல் வேலைக்குப் போகும் விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் புதுச்சேரியில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னைக் கார்கள் திண்டிவனம் வழியாகவும் ஈ.சி.ஆர். வழியாகவும் வரும். பெங்களூரு கார்கள் திருவண்ணாமலை, செஞ்சியைத் தாண்டி வரும். கிறிஸ்துமஸ் இரவுக்கும் டிசம்பர் 31-க்கும் பெரிய ஓட்டல்கள் காலா டின்னர் போடும். சின்ன ரெஸ்டாரன்ட்டுகள் மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி ஏற்றும். அந்த மேசைகளில் தட்டு எடுத்து வைக்கிற பிள்ளைகளில் பலர் விழுப்புரம், திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள்.

மெனு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வஞ்சிரம் இன்று வந்ததா, இறாலில் காரம் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் பதில் வரும். ஆனால் கெஸ்ட் தலை நிமிர்ந்து, “தம்பி, ஒயின்ல எது எடுக்கலாம்? ரொம்ப விலை வேணாம்” என்றதும், “ஒரு நிமிஷம் சார், கேப்டனைக் கூப்பிடறேன்” என்று நகர்ந்துவிடுகிறார்கள். சீசன் நெரிசலில் கேப்டன் பத்து நிமிடம் கழித்து வருவார். அதற்குள் அந்த மேசை பியருக்கோ ஃப்ரெஷ் லைம் சோடாவுக்கோ மாறியிருக்கும்.

விலை உயர்ந்த பாட்டிலை விற்க பெரிய அறிவு வேண்டாம். கேட்கிறவர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துதான் வந்திருப்பார். கையைக் கடிக்காத பாட்டிலை, சாப்பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி, கூச்சப்படாமல் எடுத்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. சர்வீஸில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவரை மேனேஜர் கவனிப்பார்.

அதற்கு நீங்கள் குடிக்கப் பழக வேண்டியதில்லை. இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. மது பரிமாறுகிற வேலை என்றதும் வீட்டில் முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒயின் தொழிலில் உலகம் முழுக்க சுவை பார்க்கிறவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். அதற்கென்றே பயிற்சி அறையில் பாத்திரம் வைத்திருப்பார்கள். மூக்கும் ஞாபகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டியூட்டி நேரத்தில் ஒரு மடக்கு விழுங்கினாலும் வேலை போய்விடும் என்பதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

விலைப் பட்டியலைப் படிக்கும் விதம்

பட்டியலில் வெளிநாட்டு பாட்டில்கள் ஏன் எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா பல ஆண்டுகளாக 150 விழுக்காடு சுங்கவரி போட்டு வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்து, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயின்களுக்கு மட்டும் வரி படிப்படியாகக் குறைகிறது. சுங்கவரிக்கு மேல் கலால் வரி, ஓட்டலின் லாபம். ஆக, ஃபிரான்சில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பாட்டில் இங்கே மேசைக்கு வரும்போது நட்சத்திர விலை பெற்றுவிடும். குறைந்த பட்ஜெட் கெஸ்ட்டை அந்தப் பக்கம் இழுக்கக் கூடாது. அதே பணத்துக்கு நாசிக் ஒயின் நன்றாகவே இருக்கும்.

நம் நாட்டில் ஒயின் என்றால் பெரும்பாலும் மகாராஷ்டிரமும் கர்நாடகமும்தான். ராஜீவ் சமந்த் 1999-ல் நாசிக்கில் தொடங்கிய சூலா, பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ராடெல்லி, நாசிக்கின் திண்டோரியில் 2013 முதல் நுரை ஒயின் தரும் ஷாண்டோன். இந்த நான்கு பெயரும் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லத் தெரிந்தாலே கெஸ்ட்டுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிலர், “நம்ம கம்பம் திராட்சைல ஒயின் இல்லையா?” என்று ஆர்வத்தில் கேட்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெரும்பாலும் சாப்பிடும் பழமாகத்தான் சந்தைக்குப் போகிறது. இதை இரண்டு வரியில் சொன்னால் போதும், மேசை கலகலப்பாகிவிடும்.

இன்னொரு பழைய நம்பிக்கை: பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவதாக இருக்கும் பாட்டிலைத் தொடாதே, ஆகக் குறைந்த விலை பாட்டிலைக் கேட்க வெட்கப்பட்டு அதை வாங்குகிறவர்கள் தலையில்தான் ஓட்டல்காரன் மிளகாய் அரைப்பான் என்பார்கள். லண்டன் உணவகங்களின் பட்டியல்களை அலசி டேவிட் டி மெசா, விக்ரம் பதானியா இருவரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொய் என்றது. லாப விழுக்காடு அதிகமாக இருந்தது பட்டியலின் நடுப்பகுதியில்தான். லண்டன் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் “விலை குறைந்ததைக் காட்டினால் கெஸ்ட் நம்மை மட்டமாக நினைப்பாரோ” என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

லேபிளில் மூன்றே விஷயம் பாருங்கள்: திராட்சை ரகம், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் விழுக்காடு. நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. குறைந்த விலை வெள்ளை ஒயினும் ரோஸேயும் வைத்திருந்து குடிக்கச் செய்தவை அல்ல. ஓரிரு ஆண்டுக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஸ்டோரில் நான்கைந்து வருடப் பழைய வெள்ளை பாட்டில் தூசி படிந்து நின்றால், “பழசு, ருசியா இருக்கும்” என்று கெஸ்ட்டிடம் தள்ளிவிடாதீர்கள். மூடி திருகு வகையாக இருப்பதால் ஒயின் மட்டம் என்றும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி தயாரிப்பாளர்கள் 2000-லேயே தங்கள் நல்ல ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட்டார்கள். தக்கை கெடுவதால் வரும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை திருகு மூடியில் அநேகமாக இருக்காது.

காரம்தான் தீர்மானிக்கும்

மேல்நாட்டுப் புத்தகங்கள் மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்று சொல்லிக் கொடுத்துவிடும். நம் சாப்பாட்டில் மீனா கறியா என்பதைவிட, மிளகாய் எவ்வளவு என்பதுதான் கேள்வி. துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினும் ஆல்கஹால் கூடிய ஒயினும் நாக்கில் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்பும் குளிர்ச்சியும் அதை அடக்கும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “சார், காரமா சாப்பிடப் போறீங்களா, ரோஸ்ட் மாதிரி மைல்டாவா?”

இறால் தொக்கு, மீன் குழம்பு, பிரியாணி என்று வந்தால் கை தானாக ஷெனன் பிளாங் என்ற வெள்ளை ஒயின் பக்கம் போகட்டும். இந்திய ஷெனனில் பெரும்பாலானவற்றில் மெல்லிய இனிப்பு இருக்கும். விலையும் பொதுவாகப் பட்டியலின் அடிப்பகுதிதான். பண்டிகை மேசைக்கு ஒரே ஒரு ஒயினைக் கைகாட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அடுத்தபடி ரோஸே. இளஞ்சிவப்பு நிறம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பதற்காகவே பாதிப் பேர் எடுப்பார்கள். தந்தூரிக்கும் சில்லி சிக்கனுக்கும் அது பொருந்தும் என்பது கூடுதல் லாபம். எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவல், பூண்டு வெண்ணெயில் வதக்கிய கணவாய் என்றால் சோவினியோன் பிளாங்; அதன் புளிப்பு, எண்ணெயை அறுத்துவிடும்.

சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் உண்டு. சிவப்பு குடித்தால்தான் ஒயின் குடித்த மாதிரி என்று நினைப்பார்கள், விவாதம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி ரோஸ்ட், மிளகு போட்ட ஆட்டுக்கறி வருமென்றால் இந்திய ஷிராஸ் பொருத்தமாகவே இருக்கும். மிளகுக்கும் அதற்கும் நல்ல ஒத்துப்போக்கு. விலை குறைந்த காபர்னே துவர்ப்பாக இருந்தால் அரைமணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றி வையுங்கள். காற்றுப் பட்டு முரடு குறையும்.

பிளம் கேக்குக்கு மேல் துவர்ப்பான சிவப்பு ஊற்றினால் இரண்டும் கெட்டுப் போகும். கேக்கைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. இனிப்பு ஒயின் ஸ்டாக்கில் இல்லையென்றால் காபி போட்டுக் கொடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நுரை ஒயின் கேட்டால் எல்லாமே ஷாம்பெயின் ஆகிவிடாது. அந்தப் பெயர் ஃபிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் தயாராவதற்கு மட்டுமே உரியது. ஃபிரெஞ்சுக்காரர்கள் இன்னமும் குடும்பத்தோடு வந்து சாப்பிடும் ஊரில் வேலை பார்க்கிறீர்கள். சூலா ப்ரூட்டை ஷாம்பெயின் என்று நீட்டினால் சிரித்துவிடுவார்கள். “இந்தியன் ஸ்பார்க்ளிங் சார், அதே முறையில பாட்டிலுக்குள்ளேயே நுரை வந்தது” என்று சொல்லுங்கள். ப்ரூட் என்றால் இனிப்பு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இனிப்பை எதிர்பார்த்து வாங்கிவிட்டு முகம் சுளிப்பவர்கள் நிறைய.

எத்தனை பாட்டில் என்ற கணக்கு

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். பாட்டி குடிக்க மாட்டார். காரை ஓட்டிக்கொண்டு போகப் போகிற மருமகனும் கிடையாது. மீதி நான்கு பேர். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் எட்டு கிளாஸ். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஊற்றினால் ஐந்து கிளாஸ். இரண்டு பாட்டில் போதும், இரண்டு கிளாஸ் மிச்சமும் இருக்கும். சிலர் இங்கேதான் சாமர்த்தியம் காட்டி மூன்றாவதையும் திறந்துவிடுவார்கள்: கிளாஸை விளிம்பு வரை நிரப்பி, பாட்டிலைச் சீக்கிரம் காலி செய்து, “இன்னொன்னு கொண்டு வரட்டுமா சார்?” பில் வரும்போது அந்தக் குடும்பம் வாய் திறக்காது, அடுத்த டிசம்பரில் வேறு ஓட்டலுக்குப் போய்விடும்.

நானாக இருந்தால் அந்த மேசைக்கு ஒரு ஷெனன், ஒரு ஷிராஸ் என்று சொல்வேன். மருமகனுக்கும் பாட்டிக்கும் அதே ஒயின் கிளாஸில் குளிர்ந்த திராட்சை ஜூஸ். சியர்ஸ் சொல்லும்போது அவர்கள் கையிலும் அதே கிளாஸ் இருக்கட்டும். கார் ஓட்டுகிறவரை யாரும் வற்புறுத்தாமல் இருக்க அது ஒரு வழி. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

கை வேலை

நல்ல ஒயினையும் கெடுக்க இரண்டு நிமிடம் போதும். நம் ஊரில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் கொடுக்க வேண்டும் என்று சொன்னவன் ஐரோப்பாவின் குளிர் வீட்டில் உட்கார்ந்திருந்தவன். அவன் சொன்னது 15 முதல் 18 டிகிரி. டிசம்பரிலும் புதுச்சேரி மொட்டைமாடி ரெஸ்டாரன்ட்டில் அந்தக் குளிர் கிடைக்காது. பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு சிவப்பையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 12 டிகிரி. நுரை ஒயின் அதற்கும் கீழே. ஐஸ் பக்கெட்டில் வெறும் ஐஸ் போடாதீர்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலின் எல்லாப் பக்கமும் குளிர் பிடிக்கும். ஒரு பிடி உப்பு போட்டால் இன்னும் வேகம். மரக்காணத்துக்காரர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பாட்டிலை ஆர்டர் செய்தவரின் வலப்புறம் போய் லேபிள் அவர் பக்கம் தெரியக் காட்டுங்கள். ரகமும் ஆண்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறான பாட்டில் என்றால் இப்போதே தெரிந்துவிடும். திறந்து, வாயைத் துடைத்து, அவருக்கு ஒரு 30 மில்லி ஊற்றிக் காத்திருங்கள். அவர் தலையசைத்த பிறகு மற்றவர்களுக்கு, பெண்களுக்கு முதலில், அவருக்குக் கடைசியாக. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக. ஊற்றி முடிக்கும்போது பாட்டிலை லேசாகத் திருகி எடுத்தால் மேசைவிரிப்பில் சொட்டாது.

நுரை பாட்டிலில்தான் விபத்து நடக்கும். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் டயரைவிட அதிகம். கம்பி வலையைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையை விட்டு எழக்கூடாது. 45 டிகிரி சாய்த்து, ஆள் இல்லாத திசையில் பிடித்து, தக்கையை அசையாமல் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். சினிமாவில் வருவதுபோல ‘டப்’ என்று வெடிக்க விடுவது பாதி ஒயினைத் தரைக்குக் கொடுப்பது. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

திறந்த பாட்டில் மிச்சமானால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் கிளாஸ் கணக்கில் விற்றுவிட வேண்டும். திறந்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுகிற பழக்கம் இருக்கிற ஓட்டலா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஆரம்பியுங்கள்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும்

இது வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிறகு காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. சாலை ஒன்றுதான், சட்டம் இரண்டு. தமிழ்நாட்டில் மது பரிமாற வயது வரம்பு 21, புதுச்சேரியில் 18. தமிழ்நாட்டுப் பக்க ஓட்டல் என்றால் எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். ஆரோவில் சாலையிலோ கோட்டக்குப்பத்திலோ வேலைக்குச் சேர்கிறீர்கள் என்றால், உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாத இடத்தில் பாட்டிலைத் திறந்தால், ரெய்டு வரும்போது முதலாளியோடு நீங்களும் நிற்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் அடையாள அட்டை கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் மூடும் நாட்களும் நினைவில் இருக்கட்டும். கிறிஸ்துமஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் நாள், அது உண்டு. ஜனவரி 26-ம் உண்டு. “மாட்டுப் பொங்கலுக்கு எல்லோருக்கும் டின்னர்” என்று கெஸ்ட் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் அன்றைக்குச் சண்டை வராது.

சீசன் முடிந்து முதலாளி சந்தோஷத்தில் ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா.” வேண்டாம். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்; பாட்டிலுக்கு ரசீது இருந்தாலும் மாறாது. திண்டிவனம் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் சோதனை நடக்கும். பிடிபட்டால் வழக்கு, பைக்கில் வந்திருந்தால் பைக்கும் பறிமுதல். காவல்துறைச் சான்றிதழில் ஒரு மதுவிலக்கு வழக்கு ஏறிவிட்டால், கப்பல் ஓட்டல் வேலைக்கோ துபாய்க்கோ விண்ணப்பிக்கும்போது அதுதான் முதலில் குறுக்கே நிற்கும். பணமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் என்றதும் டிப்ஸ். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கெஸ்ட் மனம் வந்து வைக்கிறதுதான் இனி வருமானம். மூன்றாவது பாட்டிலைத் திறக்காத ஸ்டூவர்டுக்கு வைக்கத்தான் அந்த மனம் வரும் என்பது என் கணிப்பு.

அடுத்த படி

ஒயின் வழியாகவே மேலே போக முடியும். ஸ்டூவர்ட், கேப்டன், அதற்கு மேல் ஒயினுக்கென்றே சோமெலியே என்று பெரிய ஓட்டல்களில் தனிப் பதவி இருக்கிறது. 1969-ல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. நிறுவனத்தின் சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். முதல் நிலை ஒரு நாள் வகுப்புதான். கட்டணம் கொஞ்சம் கடிக்கும் என்பதால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓட்டல் பாதி தருமா என்று கேட்டுச் சேருங்கள். இந்தியாவில் வசித்துக்கொண்டே மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டம் முதலில் பெற்ற சோனல் ஹாலண்ட் அதை எட்டியது 2016-ல். எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தத் துறைக்கு முறையாக வர நினைப்பவர்களுக்கு தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் புதுச்சேரியிலும் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களைத் தரமணியில் படிக்க வைக்கத் தாட்கோ உதவுகிறது. அறிவிப்பு வருகிறதா என்று விழுப்புரம் தாட்கோ அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

இந்த டிசம்பருக்கே வேலை வேண்டும் என்றால் நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். அக்டோபரிலேயே போய்க் கேளுங்கள். இன்டர்வியூவில் “ஒயின் தெரியுமா?” என்று கேட்டால், “பழகிக்கறேன் சார்” என்று நிறுத்தாதீர்கள். “காரமான சாப்பாட்டுக்கு ஷெனன், குளிரவெச்சுக் கொடுப்பேன், ஒரு பாட்டிலுக்கு அஞ்சு கிளாஸ்” என்று சொல்லுங்கள்.